சின்னத் திருத்தம்தானே!

நம் வயதுக்காரர்கள் வீட்டில் இப்போது ஒரு பிள்ளையோ மருமகளோ பேத்தியோ கணினி நிரல் எழுதும் வேலையில் இருப்பது சாதாரணமாகிவிட்டது. வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் நாட்களில் அவர்களுடைய திரையை எட்டிப் பார்த்திருப்பீர்கள். ஒரு பக்கம் எழுத்தும் குறியுமாக நிரல் இருக்கும். ஓரத்தில் சின்னதாக ஒரு கறுப்புக் கட்டம். நிரலில் ஒரு வரியை மாற்றிச் சேமித்த உடனே, யாரும் சொல்லாமலே, அந்தக் கறுப்புக் கட்டத்தில் வரிகள் கடகடவென்று ஓடும். கடைசியில் பச்சையிலோ சிவப்பிலோ ஒரு வரி வந்து நிற்கும். பச்சை என்றால் காப்பி குடிக்க எழுந்து வருவார்கள். சிவப்பு என்றால் வரமாட்டார்கள்.

நிரல் எழுத எனக்குத் தெரியாது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் அரசு அலுவலகத்தில் சம்பளப் பட்டியலும் ஓய்வூதியக் கணக்கும் சரிபார்த்தவன் நான். என் பேத்தி அந்தப் பச்சை சிவப்பை விளக்கியபோது, இது நம்ம வேலையாயிற்றே என்று தோன்றியது. அதன் வரலாற்றைத் தேடிப் படித்தேன். படித்ததை நம் பாஷையில் எழுதிப் பார்க்கிறேன்.

பிரெஞ்சில் சரிபார்ப்பதை ‘கோந்த்ரோல்’ என்போம். நம் ஊரில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்களுக்கு வயிற்றைக் கலக்கும் சொல் அது. அதன் மூலம் அழகானது. ‘கோந்த்ர்’ என்றால் எதிர், ‘ரோல்’ என்றால் பதிவேடு. ஒரே கணக்கை இரண்டு பேர் இரண்டு ஏட்டில் தனித்தனியே எழுதி வைப்பார்கள். ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிட்டால் பிழையும் களவும் வெளிவரும். அந்த எதிர் ஏட்டுக்குத்தான் முதலில் அந்தப் பெயர். ஆங்கிலத்தில் ‘கன்ட்ரோல்’ ஆனது பிறகு.

நிரலுக்குச் சோதனை எழுதுவது என்பதும் எதிர் ஏடுதான். அகவிலைப்படி கணக்கிடும் நிரல் ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அடிப்படைச் சம்பளம் 10,000, படி 12 விழுக்காடு என்றால் விடை 1,200 வர வேண்டும் என்று இன்னொரு கோப்பில் எழுதி வைத்துவிடுவார்கள். சம்பளமே இல்லாத விடுப்பில் இருப்பவருக்குப் படி சுழியம் என்பது அடுத்த வரி. இப்படி நூறு, ஆயிரம் வரிகள். எல்லாவற்றையும் ஓட்டி ஒப்பிட்டுப் பார்க்க இயந்திரத்துக்குச் சில நொடிகள் போதும்.

சரி, ஏடு இருக்கிறது. அதை எடுத்துப் பார்ப்பது யார், எப்போது? இதுதான் சிக்கலே. பெரிய மாற்றம் செய்தவன் பயந்து பார்ப்பான். சின்ன மாற்றம் செய்தவன் பார்க்க மாட்டான்.

1991-இல் அமெரிக்காவில் நடந்ததைப் பாருங்கள். ஜூன் 26 அன்று வாஷிங்டன் பகுதியிலும் லாஸ் ஏஞ்சலஸிலும் தொலைபேசிகள் செயலிழந்தன. அடுத்த சில நாட்களில் பிட்ஸ்பர்க், சான் பிரான்சிஸ்கோ. லட்சக்கணக்கான வீடுகளிலும் கடைகளிலும் போன் எடுத்தால் பேச முடியவில்லை. அழைப்புகளுக்கு வழிகாட்டும் சமிக்ஞை இயந்திரங்களை டெக்ஸஸ் மாநிலத்தைச் சேர்ந்த டி.எஸ்.சி. கம்யூனிகேஷன்ஸ் என்ற நிறுவனம் செய்து கொடுத்திருந்தது. அவற்றுக்குள் இருந்த நிரலில் பல லட்சம் வரிகள். அதை 13 வாரம் சோதித்திருந்தார்கள். குறை சொல்ல முடியாத உழைப்பு. பிறகு மூன்றே வரிகளில் ஒரு திருத்தம் செய்தார்கள். மூன்று வரிக்காக மறுபடியும் 13 வாரமா என்று, சோதிக்காமலே அனுப்பிவிட்டார்கள். அந்த மூன்று வரிகளில்தான் பிழை இருந்தது.

இதைப் படித்தபோது எனக்கு ஒரு பழைய கோப்பு ஞாபகம் வந்தது. எந்த அலுவலகம் என்று சொல்லப் போவதில்லை. ஒரு விதவைத் தாயின் குடும்ப ஓய்வூதிய நிலுவைப் பட்டியல். எழுத்தர் போட்டு, கண்காணிப்பாளர் சரிபார்த்து, எல்லா வரியிலும் சிவப்பு மையில் டிக் விழுந்தாயிற்று. பிறகு யாரோ ஒருவர் ஒரு மாதத்துக்கான தொகையை மட்டும் அடித்துத் திருத்தியிருக்கிறார். திருத்தியது நியாயம்தான், முந்தையது தவறு. ஆனால் கீழே இருந்த கூட்டுத்தொகையை யாரும் மறுபடி கூட்டவில்லை. டிக் அடித்த தாள் ஆயிற்றே! கருவூலம் திருப்பி அனுப்பியது. போய், வந்து, மறுபடி போய் ஏழு மாதம். அந்த அம்மா ஒவ்வொரு மாதமும் முதல் வாரத்தில் வந்து வராந்தாவில் உட்கார்ந்திருப்பார். யாரிடமும் கோபமாக ஒரு வார்த்தை பேசியதில்லை. அந்தத் திருத்தத்தைச் செய்த மனிதர் கெட்டவர் இல்லை, சோம்பேறியும் இல்லை. சின்னத் திருத்தம்தானே என்று நினைத்தார், அவ்வளவுதான்.

நிரல் எழுதுகிறவர்கள் இந்த நினைப்போடு போராடத் தொடங்கியது 1970-களில், நியூ ஜெர்சியில் பெல் லாப்ஸ் என்ற ஆராய்ச்சிக் கூடத்தில். யுனிக்ஸ் என்ற அமைப்பும் சி என்ற நிரல்மொழியும் பிறந்த இடம் அது. அங்கே ஸ்டீவ் ஜான்சன் என்பவர் 1976-இல் ஒரு நாள் காலை முழுதும் ஒரு பிழையைத் தேடி மண்டையை உடைத்துக்கொண்டார். பிழையை அவர் ஏற்கெனவே திருத்திவிட்டிருந்தார். ஆனால் திருத்திய கோப்பை இயந்திர மொழிக்கு மாற்றும் வேலையைச் செய்ய மறந்துவிட்டார். ஆகவே ஓடியது பழைய நிரல். சரியான நிரலில் இல்லாத பிழையைத் தேடி ஒரு காலைப் பொழுது போயிற்று. விதியைத் திட்டிக்கொண்டே அவர் நுழைந்தது ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் என்ற சக ஊழியரின் அறைக்குள். ஃபெல்ட்மனோ முந்தைய நாள் மாலை அதே அவஸ்தையைப் பட்டவர். அந்த வார இறுதியில் உட்கார்ந்து ‘மேக்’ என்ற கருவியை எழுதிவிட்டார்.

மேக் செய்தது நம் தபால் பிரிவில் உட்கார்ந்த எவருக்கும் புரியும். அது தேதியைப் பார்த்தது. மூலக்கோப்பு கடைசியாக மாறிய நாளும் நேரமும் ஒரு பக்கம், அதிலிருந்து செய்த இயந்திர நிரல் உருவான நாளும் நேரமும் மறுபக்கம். மூலம் புதிது, நிரல் பழையது என்றால் மறுபடி செய். இல்லையென்றால் தொடாதே. எதை எதிலிருந்து செய்வது என்று ஒரு பட்டியலை ஒருமுறை எழுதி வைத்துவிட்டால் போதும். மனிதனின் ஞாபகத்தை நம்பாமல் தேதி முத்திரையை நம்பிய முதல் ஏற்பாடு இதுதான் என்று சொல்லமாட்டேன், ஆனால் உலகமெல்லாம் பரவியது இதுதான். 2003-இல் ஏ.சி.எம். என்ற கணினியாளர் சங்கம் ஃபெல்ட்மனுக்கு இதற்காக விருது கொடுத்தது.

ஒரு வேடிக்கையையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பட்டியலில் கட்டளை வரிகள் ‘டேப்’ விசையால்தான் தொடங்க வேண்டும், இடைவெளி விட்டால் ஏற்காது. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருப்பதால் எல்லோரும் தடுக்கி விழுந்தார்கள். சில வாரங்களிலேயே இது தொல்லை என்று ஃபெல்ட்மனுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அதற்குள் பத்துப் பன்னிரண்டு பேர் பயன்படுத்தத் தொடங்கியிருந்தார்கள், அவர்களுக்குச் சங்கடம் வேண்டாமென்று அப்படியே விட்டுவிட்டார். இன்று வரை அந்த டேப் இருக்கிறது. அரசாங்கப் படிவங்கள் ஏன் மாறுவதில்லை என்று கேட்பவர்களுக்கு இதைச் சொல்லலாம்.

விதியைத் திட்டிக்கொண்டு வந்த ஸ்டீவ் ஜான்சனும் சும்மா இருக்கவில்லை. 1978-இல் ‘லிண்ட்’ என்ற கருவியைப் பற்றி அறிக்கை வெளியிட்டார். லிண்ட் என்றால் துணியில் ஒட்டும் பஞ்சுத் தூசு. சட்டை கிழியவில்லை, அழுக்கும் இல்லை, ஆனாலும் தூசு ஒட்டியிருக்கிறதே என்று காட்டும் கருவி. நிரலை ஓட்டாமலேயே, படித்து மட்டும் பார்த்து, சந்தேகம் தோன்றும் இடங்களைச் சொல்லும். இந்தப் பெயரை வைத்துவிட்டுப் பயன்படுத்தவே இல்லையே, இந்த வரிக்கு எந்த வழியிலும் போய்ச் சேர முடியாதே என்பது போல. மேக் தேதி பார்க்கும் தபால் குமாஸ்தா என்றால், லிண்ட் நம் பிரெஞ்சு வாத்தியார். ‘தீக்தே’ எழுதும்போது ஐந்து பிழை விட்டால் சுழியம் போட்டவர்களை மறந்திருக்க மாட்டீர்கள். என்ன எழுதினாய் என்பதைப் பார்க்கமாட்டார், எப்படி எழுதினாய் என்று பார்ப்பார்.

எப்படி எழுதினால் என்ன, விடை சரியாக இருந்தால் போதாதா என்று கேட்பவர்களுக்கு 2014 பிப்ரவரியில் ஒரு பதில் கிடைத்தது. ஆப்பிள் நிறுவனத்தின் ஐபோனில், வங்கி போன்ற இணையதளத்தோடு பேசும்போது எதிர்முனையில் இருப்பது உண்மையான வங்கிதானா என்று கையொப்பம் பார்க்கும் பகுதி ஒன்று உண்டு. அதில், ‘இன்னது நடந்தால் தோல்விக்குப் போ’ என்ற பொருளில் அடுத்தடுத்துச் சில வரிகள். ஓரிடத்தில் ‘தோல்விக்குப் போ’ என்ற வரி தவறுதலாக இரண்டு முறை விழுந்துவிட்டது. முதலாவது நிபந்தனைக்கு உட்பட்டது. இரண்டாவதற்கு நிபந்தனையே இல்லை, எப்போதும் நடக்கும். ஆகவே அதன் கீழே இருந்த கையொப்பச் சோதனைக்கு நிரல் போகவே போகாது. அதைவிடக் கொடுமை, அதுவரை எந்தக் குறையும் பதிவாகாததால், ‘தோல்வி’ என்ற பெயருள்ள அந்த இடத்துக்குப் போய் ‘எல்லாம் சரி’ என்று பதில் சொல்லிவிடும்.

கண்ணால் பார்த்தவர்கள் ஏன் கண்டுபிடிக்கவில்லை? இரண்டாவது வரியும் முதல் வரியைப் போலவே உள்ளே தள்ளி எழுதப்பட்டிருந்தது. நிபந்தனைக்கு அடங்கியதுபோலத் தோற்றம். குறிப்பு எழுதும்போது உட்பிரிவைச் சற்று உள்ளே தள்ளி எழுதுவோமே, அது போலத்தான். கண் அந்த இடைவெளியை நம்பியது, கணினி நம்பவில்லை. 2012 செப்டம்பரில் வந்த ஐஓஎஸ் 6-லேயே இந்தப் பிழை இருந்தது. 2014 பிப்ரவரி 21-இல்தான் திருத்தம் வந்தது. அதன் பிறகு 2016-இல் ஜி.சி.சி. என்ற பிரபலமான மொழிமாற்றியில், ‘இந்த இடைவெளி கண்ணை ஏமாற்றுகிறது’ என்று எச்சரிக்கும் வசதி சேர்ந்தது. எழுத்து நடையைச் சரிபார்ப்பது வெறும் அலங்காரம் இல்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

சோதனைகளை எழுதி வைக்கும் பழக்கத்துக்கு வருவோம். இதைப் பரப்பியவர்களில் கென்ட் பெக் முக்கியமானவர். 1997-இல் சூரிக்கிலிருந்து அட்லாண்டாவில் நடந்த மாநாட்டுக்குப் போகும் விமானத்தில் அவரும் எரிக் காமாவும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து ‘ஜேயூனிட்’ என்ற சோதனைக் கருவியை எழுதத் தொடங்கினார்கள். அந்தப் பச்சைக் கோடும் சிவப்புக் கோடும் பரவியது அதன் வழியாகத்தான்.

கென்ட் பெக் அதற்கு முன்னால் செய்த வேலை எனக்கு இன்னும் நெருக்கம். கிரைஸ்லர் கார் நிறுவனத்தின் சம்பளப் பட்டியல்! 87,000 ஊழியர்களுக்கும் ஒரே நிரலில் சம்பளம் போட வேண்டும் என்பது திட்டம். 1996-இல் அவரை அழைத்தார்கள். முதலில் சோதனையை எழுது, பிறகு நிரலை எழுது, எதை மாற்றினாலும் எல்லாச் சோதனைகளையும் ஓட்டு என்ற ஒழுங்கு அங்கேதான் கெட்டிப்பட்டது. 1997-இல் மாதச் சம்பளக்காரர்கள் சுமார் 10,000 பேருக்குச் சம்பளமும் போட்டது அந்த நிரல். மீதிப் பேருக்குப் போவதற்குள், 2000-ஆம் ஆண்டில், நிர்வாகம் திட்டத்தையே நிறுத்திவிட்டது. சம்பளப் பட்டியலில் இருக்கும் விதிவிலக்குகளும் விதிவிலக்குக்கு விதிவிலக்குகளும் என்ன பாடு படுத்தும் என்று எனக்குத் தெரியும். அதனால் அவர்கள்மேல் எனக்கு அனுதாபம்தான்.

ஆனாலும் ஒரு கை தேவைப்பட்டது. எல்லாச் சோதனைகளையும் ஓட்டு என்பது ஒழுங்கு என்றாலும், ஓட்டும் பொத்தானை அழுத்துவது மனிதன். வெள்ளிக்கிழமை மாலை ஐந்தரை மணிக்கு அவன் என்ன செய்வான் என்று உங்களுக்கே தெரியும். ஆகவே 2001-இல் ‘குரூஸ் கன்ட்ரோல்’ என்ற கருவி பொதுவுக்கு வந்தது. எல்லோரும் நிரலைச் சேர்க்கும் பொதுக் களஞ்சியத்தை அது பார்த்துக்கொண்டே இருக்கும். யாராவது புதிதாக ஒன்றைப் போட்டால் எடுத்து, மொத்தத்தையும் கட்டி, சோதனைகளை ஓட்டி, உடைந்தால் மின்னஞ்சல் அனுப்பும். சில அலுவலகங்களில் அதனுடன் வண்ண விளக்குகளை இணைத்து, உடைந்தால் சிவப்பு விளக்கு எரியும்படி வைத்தார்கள்.

சன் மைக்ரோசிஸ்டம்ஸில் வேலை பார்த்த கொசுகே கவாகுச்சி என்ற ஜப்பானியருக்கு, தான் போடும் நிரல் அடிக்கடி உடைந்து சக ஊழியர்களிடம் வாங்கிக் கட்டிக்கொள்வது அலுத்துப் போயிற்று. தன்னை மற்றவர்கள் பிடிப்பதற்குள் தானே பிடித்துக்கொள்ள 2004-இல் ஒரு கருவி எழுதத் தொடங்கினார். ‘ஹட்சன்’ என்று பெயர், ஒரு பட்லரின் பெயர் மாதிரி. சன்னை ஆரக்கிள் வாங்கியபின் பெயருக்குச் சண்டை வந்தது. 2011-இல் ‘ஜென்கின்ஸ்’ என்று மாற்றிக்கொண்டார்கள், அதுவும் பட்லர் பெயர்தான். எஜமான் கோட்டைக் கழற்றியதும் சொல்லாமலே தூசு தட்டி வைக்கும் ஆள்.

இவை எல்லாம் பொதுக் களஞ்சியத்தில் போட்ட பிறகு பார்ப்பவை. என் பேத்தியின் திரையில் நடப்பது அதற்கும் முன்னால், சேமித்த அந்த நொடியிலேயே. அதற்கு இன்னொரு சங்கதி தேவைப்பட்டது. கோப்பு மாறியது கருவிக்கு எப்படித் தெரியும்? முதலில் வந்த கருவிகள் சில நொடிக்கு ஒருமுறை எல்லாக் கோப்புகளின் தேதியையும் போய்ப் பார்த்தன. ‘தபால் வந்ததா, தபால் வந்ததா’ என்று பியூனை நச்சரிக்கும் அதிகாரியைப் போல. ஆயிரம் கோப்புகள் இருந்தால் இதிலேயே கணினி களைத்துவிடும். 2005 ஆகஸ்டில் லினக்ஸின் 2.6.13 பதிப்பில் ‘ஐநோட்டிஃபை’ என்ற வசதி வந்தது. நீ கேட்க வேண்டாம், சும்மா இரு, இந்தக் கோப்பை யாராவது தொட்டால் நானே வந்து சொல்கிறேன் என்று இயங்குதளமே பொறுப்பை ஏற்றது. மற்ற இயங்குதளங்களிலும் இப்படிப்பட்ட ஏற்பாடு உண்டு. சேமிப்பது, தகவல் போவது, சோதனை ஓடுவது, நிறம் மாறுவது எல்லாம் ஒரு மூச்சில் நடக்கிறது இப்போது. நடையைச் சரிபார்ப்பதோடு நிற்காமல் திருத்தியே கொடுக்கும் கருவிகளும் வந்துவிட்டன. 2009-இல் கூகிள் வெளியிட்ட ‘கோ’ மொழியோடு வந்த கருவி, எல்லோருடைய நிரலையும் ஒரே நடைக்கு மாற்றிவிடுகிறது. அதில் விருப்பத் தேர்வே கிடையாது. பிரெஞ்சு அகாதெமி 1635 முதல் முயன்றும் முடியாத காரியம்!

குறையையும் சொல்ல வேண்டும். சிறுவயதில் பெருக்கல் போட்டதும் ‘ப்ரூவ் பார் நேஃப்’ போடச் சொல்வார்கள், ஒன்பதால் சோதனை. 347-ஐ 26-ஆல் பெருக்கினால் 9,022. 347-இன் இலக்கங்களைக் கூட்டினால் 14, அதைக் கூட்டினால் 5. 26-க்கு 8. ஐயெட்டு 40, அதற்கு 4. விடையான 9,022-க்கு 13, அதாவது 4. பொருந்துகிறது. ஆனால் கைதவறி 9,202 என்று எழுதியிருந்தாலும் கூட்டல் 13-தான், 4-தான். சோதனை பச்சைக்கொடி காட்டும், விடை தப்பு. இலக்கம் இடம் மாறுவதுதான் குமாஸ்தாக்கள் அதிகம் செய்யும் பிழை என்பதால் எனக்கு இந்தச் சோதனைமேல் பெரிய மரியாதை வந்ததில்லை. பச்சை வந்தால், கேட்ட கேள்விகளுக்குச் சரியான பதில் வந்தது என்றுதான் பொருள்.

இன்னொரு குறை ஆழமானது. கோப்பு மாறினால் சோதனை ஓடும் என்கிறோம். கோப்பு மாறாமல், அதைச் சுற்றியிருப்பது மாறினால்?

1996 ஜூன் 4. பிரெஞ்சு கயானாவின் கூரு தளத்திலிருந்து ஏரியன் 5 ராக்கெட்டின் முதல் பயணம். சுமார் 40 நொடியில், 3,700 மீட்டர் உயரத்தில், பாதை விலகி உடைந்து வெடித்தது. நான்கு ஆராய்ச்சிச் செயற்கைக்கோள்கள் அதோடு போயின. கணித மேதை ழாக்-லுயி லியோன்ஸ் தலைமையில் விசாரணைக் குழு அமைத்து, ஜூலை 19-இல் அறிக்கை வந்துவிட்டது. பிரெஞ்சு தெரிந்தவர்கள் படித்துப் பாருங்கள். யாரையும் வையாமல், எதையும் மறைக்காமல், ஒரு விசாரணை அறிக்கை எப்படி எழுத வேண்டும் என்பதற்கு உதாரணம்.

ராக்கெட்டின் சாய்வையும் வேகத்தையும் அளக்கும் கணினியில் இருந்த நிரல் ஏரியன் 4-இலிருந்து அப்படியே எடுத்தது. அங்கே நன்றாக ஓடியதை ஏன் தொட வேண்டும் என்று விட்டுவிட்டார்கள். அதில், தரையில் நிற்கும்போது மட்டுமே பயன்படும் ஒரு கணக்கு, பழைய ராக்கெட்டின் தேவைக்காக, கிளம்பிய பிறகும் ஏறத்தாழ 40 நொடி ஓடிக்கொண்டிருந்தது. ஏரியன் 5-க்கு அது தேவையே இல்லை. அந்தக் கணக்கில் வரும் ஓர் எண்ணை 32,767-க்கு மேல் கொள்ளாத சிறிய இடத்தில் போட வேண்டியிருந்தது. ஏரியன் 4 அந்த அளவைத் தாண்டாது. ஏரியன் 5 அதைவிட வேகமாகப் பக்கவாட்டில் போகும், தாண்டிவிட்டது. கணினி நின்றது. அதற்குத் துணையாக வைத்திருந்த இன்னொரு கணினியும் அதே நிரல்தான், அது ஒரு நொடிக்கும் குறைவான நேரம் முன்னதாகவே நின்றுபோயிருந்தது. எதிர் ஏட்டையும் அதே கையே எழுதினால் என்ன ஆகும் என்பது இதுதான்.

ஒரு வரியும் மாறவில்லை. மாறியது ராக்கெட். அந்தக் கணினியை ஏரியன் 5-இன் பாதைக் கணக்கோடு தரையில் யாரும் ஓட்டிப் பார்த்திருக்கவில்லை. விபத்துக்குப் பிறகு ஓட்டினார்கள். அந்த நிரலையும் பறந்த பாதையின் உண்மையான எண்களையும் வைத்து ஆய்வுக்கூடத்தில் கணினியில் நடத்திப் பார்த்தபோது, வானத்தில் நடந்த அதே வரிசையில், அதே தோல்வி தரையிலும் நடந்தது.